எம்டனுக்குப் புகைபோக்கி மூன்றா, நான்கா?

கேள்வி: ஜெர்மன் போர்க்கப்பல் எம்டனின் மாதிரியை 1:350 அளவில் செய்கிறேன். பழைய படங்களில் மூன்று புகைபோக்கிகள்தான் இருக்கின்றன. நான்கு என்றும் சொல்கிறார்களே?
- வாசகர், மதுரை

பதில்: இரண்டும் சரிதான். கட்டியபோது வைத்தவை மூன்று. பிரிட்டனின் போர்க்கப்பல் யார்மவுத் போலத் தெரிவதற்காகக் கேப்டன் முல்லர் மரச்சட்டத்தில் கித்தானைக் கட்டி நான்காவதை நிறுத்தினார். 1914 அக்டோபர் 28 அதிகாலை அந்த வேடத்தில்தான் பினாங்கு துறைமுகத்துக்குள் நுழைந்து, ரஷ்யாவின் போர்க்கப்பல் ஜெம்சுக்கை மூழ்கடித்தார். சுடுவதற்கு முன் ஜெர்மன் கொடியை ஏற்றினாரே, அந்த நேர்மையை நான் மிகவும் மதிக்கிறேன்!

பினாங்குக் காட்சி என்றால் நான்காவதை மெல்லிய காகிதத்தில் செய்யுங்கள். பிளாஸ்டிக்கில் துணியின் தொய்வு வராது. நீர்த்த பசை தடவி, ஈரம் காய்வதற்குள் ஊசிமுனையால் இரண்டு மடிப்புகள் இழுத்துவிடுங்கள். வண்ணம் சாம்பல்தான்; வெள்ளை அமைதிக் காலத்துக்கு உரியது.