வீட்டுக் கல்வி பயிலும் பிள்ளைகளைச் சமூகத் தொண்டில் ஈடுபடுத்த எங்கிருந்து தொடங்கலாம்?

7, 11 வயதுப் பிள்ளைகளை வீட்டிலேயே படிக்க வைக்கும் நீங்கள், அவர்களைத் தொண்டில் சேர்க்க வழி கேட்டிருக்கிறீர்கள். நாங்கள் பினாங்கு ஆயர் ஈத்தாமில் வசிக்கிறோம். மகளுக்கு 12 வயது, மகனுக்கு 9. (மலேசியாவில் தொடக்கக் கல்வி 2003 முதல் கட்டாயம் என்பதால் வீட்டில் கற்பிக்க அமைச்சிடம் விலக்குப் பெற வேண்டும், அது தனிக் கதை.) என் அனுபவத்தில், பள்ளிப் பிள்ளைகளிடம் இல்லாத ஒரு வசதி நம் பிள்ளைகளிடம் இருக்கிறது: வார நாளின் காலை நேரம். தொண்டைத் திட்டமிடும்போது அதிலிருந்துதான் தொடங்க வேண்டும் என்பேன்.

இதை நாங்கள் வெட்கப்பட்டுக் கற்றுக்கொண்டோம். முதல் ஆண்டில், தீபாவளிக்கு இரண்டு வாரங்களுக்கு முன், முறுக்கும் இரண்டு பாடல்களுமாக ஒரு முதியோர் இல்லத்திற்குச் சென்றோம். உறங்கிக்கொண்டிருந்த தாத்தா ஒருவரை, எங்கள் பாட்டைக் கேட்பதற்காக எழுப்பி உட்கார வைத்தார்கள். புறப்படும்போது பொறுப்பாளர், "இன்றைக்கு நீங்கள் மூன்றாவது குழு, அம்மா. முடிந்தால் ஜனவரியில் வாருங்கள், அப்போது ஒருவரும் வரமாட்டார்கள்" என்றார். அவர் கோபமாகச் சொல்லவில்லை. அதுதான் அதிகமாகச் சுட்டது.

ஜனவரி முதல் செவ்வாய்தோறும் காலையில் இரண்டு மணி நேரம் செல்கிறோம். மகள் சமையலறையில் கீரை ஆய்கிறாள். மகன் தமிழ் நாளிதழை உரக்க வாசிக்கிறான். அவன் வாயில் ழகரம் வழுக்கும் ஒவ்வொரு முறையும், அங்குள்ள பாட்டி ஒருவர் நிறுத்தித் திருத்துகிறார். நான் ஓராண்டாகச் சொல்லியும் கேளாதவன் அவரிடம் கேட்டுக்கொள்கிறான். இளமையில் ரப்பர்த் தோட்டத்தில் மரப்பட்டையைச் சீவிப் பால் எடுத்தவர் அவர். வெயில் ஏறிவிட்டால் பால் ஒழுகுவது குறைந்துவிடும் என்பதால், விடியுமுன்னே நெற்றியில் விளக்கைக் கட்டிக்கொண்டு தன் நிரைக்கு (மர வரிசைக்கு) சென்றதை அவர் சொல்ல, மகள் அதை எழுதி வைத்திருக்கிறாள். எங்கள் வரலாற்றுப் பாடத்தில் இப்போதைக்கு உருப்படியாக இருப்பது அந்த நோட்டுப் புத்தகம்தான்.

இல்லம் உங்களுக்கு ஒத்துவராவிட்டால், தன்னார்வலர்கள் நடத்தும் மறுசுழற்சி நிலையங்களைப் பாருங்கள். பினாங்கில் 2016 முதல் வீட்டுக் குப்பையைப் பிரித்தே போட வேண்டும் என்ற விதி இருந்தாலும், வந்து சேர்ந்ததை மீண்டும் தரம் பிரிக்க எப்போதும் கைகள் தேவைப்படுகின்றன. பிளாஸ்டிக்கின் வகையைக் காட்ட, தண்ணீர்ப் போத்தலின் அடியில் 1 என்ற எண்ணும், ஷாம்பு போத்தலில் பெரும்பாலும் 2 என்ற எண்ணும் இருக்கும். மூடி வேறு வகைப் பிளாஸ்டிக் என்பதால் அதைக் கழற்றித் தனியே போடச் சொல்வார்கள். தண்ணீர்ப் போத்தலின் துண்டு வாளியில் மூழ்குவதையும் அதன் மூடி மிதப்பதையும் கண்ட அன்று, மகனுக்கு அடர்த்தி என்ற பாடத்தை நான் தனியே நடத்த வேண்டியிருக்கவில்லை. பக்கத்தில் பிரித்துக்கொண்டிருந்த சீன மாமா ஒருவரிடம் ஹொக்கியனில் எண்ணவும் கற்றுக்கொண்டான். "பள்ளிக்குப் போகாத பிள்ளை யாரோடு பழகும்?" என்று கேட்கும் உறவினர்களுக்கு இதைத்தான் சொல்கிறேன்.

தைப்பூசத்தின்போது, பினாங்கின் தண்ணீர்மலை முருகன் கோயிலுக்குச் செல்லும் சாலையில் அமைக்கப்படும் தண்ணீர்ப் பந்தல்களிலும் உதவலாம். ஆனால் பானம் ஊற்றிக் கொடுக்கும் இடத்திற்குப் போட்டி அதிகம். குவளைகளைப் பொறுக்கும் வேலையைக் கேட்டால் உடனே தருவார்கள்.

எங்கே சென்றாலும் முதலில் தொலைபேசியில் பேசி, பிள்ளைகளின் வயதைச் சொல்லி, அவர்களுக்கென்று உண்மையான வேலை இருக்கிறதா என்று கேளுங்கள். அவர்களை விட்டுவிட்டு வராமல் நீங்களும் அதே வேலையில் உட்காருங்கள். முதியவர்களைப் படமெடுக்காதீர்கள். வர முடியாத வாரத்தில் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்: மகன் காய்ச்சலில் படுத்த ஒரு செவ்வாயன்று நான் சொல்ல மறந்துவிட்டேன். பாட்டி அன்றைய நாளிதழை மடித்துத் தலையணைக்கடியில் வைத்திருந்து, அடுத்த வாரம் அந்தப் பழைய செய்திகளையே முதலில் வாசிக்கச் சொன்னார்.

உங்கள் 7 வயதுப் பிள்ளைக்குத் தொடக்கத்தில் ஒரு மணி நேரம் போதும். அதற்குமேல் நம் பிள்ளையைப் பார்த்துக்கொள்வதே அங்குள்ளவர்களுக்கு வேலையாகிவிடும்.