மூன்றடியிலிருந்து நாலடிக்கு: கடல்நீர்த் தொட்டி கேள்வி பதில்

பெரம்பூரில் முதல் மாடியில் குடியிருக்கிறோம். மூன்றடி கடல்நீர்த் தொட்டி நன்றாக ஓடுகிறது. ஒரு ஜோடி நீமோ, ஒரு கோபி மீன், கொஞ்சம் மஷ்ரூம், ஸோவாந்திட் (இரண்டும் கல்லாக இறுகாத பவள வகைகள்). இப்போது 4x2x2 அடியில் ஒன்று செய்யச் சொல்லியிருக்கிறேன் சார். தரை தாங்குமா? ஒரே நாளில் எல்லாவற்றையும் மாற்றிவிடலாமா?

தரையைப் பற்றி முதலில் கேட்டீர்கள், நல்லது. பெரும்பாலானவர்கள் தொட்டி வந்து இறங்கின பிறகுதான் கேட்கிறார்கள். 16 கன அடி என்றால் விளிம்பு வரை 453 லிட்டர், கடல்நீர் லிட்டருக்கு ஒரு கிலோவுக்குக் கொஞ்சம் கூடவே இருக்கும், 12 மி.மீ. கண்ணாடி மட்டும் 90 கிலோவுக்குப் பக்கம், அப்புறம் பாறை, மணல், ஸ்டாண்ட், அடியில் தண்ணீர் வடிகட்டும் சம்ப் தொட்டி என்று கூட்டினால் 700 கிலோ வந்துவிடும். வீட்டு மாடிகளுக்கு ஐஎஸ் 875 தரநிலை எடுத்துக்கொள்ளும் சுமை சதுர மீட்டருக்குச் சுமார் 200 கிலோ. உங்கள் தொட்டி முக்கால் சதுர மீட்டரில் உட்காரப் போகிறது. அந்த 200 அறை முழுக்கப் பரவுகிற சுமைக்கான கணக்கு என்பதால், இந்த எண்ணைப் பார்த்ததுமே ஆர்டரை ரத்து செய்ய வேண்டாம். கான்கிரீட் தளம் என்றால், கீழே பீம் ஓடும் சுவரை ஒட்டி வைத்தால் பெரும்பாலும் தாங்கும், ஆனாலும் ஒரு கட்டடப் பொறியாளர் வந்து பார்த்துச் சொல்லட்டும். "தாங்கும் சார், யானையே நிற்கும்" என்று மேஸ்திரி சொல்வதைக் கணக்கில் சேர்க்காதீர்கள். வீடு பழைய மெட்ராஸ் டெரஸ், அதாவது மர உத்திரமும் செங்கல்லும் என்றால் பேச்சே வேண்டாம், தரைத்தளம்தான்.

ஒரே நாளில் மாற்றலாம், ஆனால் வேலை அதற்கு முன்பே தொடங்கியிருக்க வேண்டும். புதிதாக ஒட்டிய சிலிக்கானில் வினிகர் மாதிரி வாடை வரும், அது அடங்கும்வரை ஒரு வாரமாவது விட்டுவிடுங்கள். பிறகு சாதாரணத் தண்ணீர் நிரப்பி இரண்டு நாள் கசிவு பார்த்துவிட்டு வடித்துவிடுங்கள். மாற்றுவதற்கு முதல் நாளே டிரம்மில் உப்புக் கலந்து, மோட்டார் போட்டுச் சுழல விடுங்கள். 300 லிட்டர் புதுத் தண்ணீருக்கு உப்பு 11 கிலோ அளவுக்குப் பிடிக்கும். உப்பளவு காட்டும் ரீஃப்ராக்டோமீட்டரில் 35 (ஆயிரத்துக்கு 35 பங்கு) வர வேண்டும், பழைய தொட்டியிலும் அதே அளவு இருக்கிறதா என்று பாருங்கள்.

அழுக்கைத் தின்னும் பாக்டீரியா தண்ணீரில் அவ்வளவாக இல்லை, பாறையில்தான் குடியிருக்கிறது. அதனால் பழைய தண்ணீரைச் சொட்டு விடாமல் சேமிக்கப் பாடுபடுவதை விட, பாறை ஒரு நிமிடம்கூடக் காயாமல் தொட்டித் தண்ணீரிலேயே முங்கியபடி இடம் மாறுவது முக்கியம். கழுவவும் வேண்டாம். மணல் இதற்கு நேரெதிர். பழைய மணலை அப்படியே அள்ளிப் புதுத் தொட்டியில் கொட்டுகிறவர்கள்தான் மறுநாள் காலையில் மீன் செத்துக் கிடக்கிறது என்று எழுதுகிறார்கள். மணலை அடிவரை கிளறிப் பாருங்கள், கறுப்பாக இருந்து அழுகிய முட்டை நாற்றம் வந்தால் அதில் தேங்கியிருப்பது ஹைட்ரஜன் சல்ஃபைடு. புது மணல் வாங்கிவிடுங்கள், அதற்குக் கஞ்சத்தனம் வேண்டாம். மாற்றிய பிறகு இரண்டு வாரம் தினமும் அம்மோனியா சோதித்து, தீனியைக் குறைத்துப் போடுங்கள். புது லைட்டைப் பாதி வெளிச்சத்தில் தொடங்கிப் படிப்படியாகக் கூட்டுங்கள். இடம் காலியாகத் தெரிகிறதே என்று அந்த வாரமே புது மீன் வாங்கப் போகாதீர்கள், அவ்வளவுதான்.

ராயபுரத்தில் இருந்துகொண்டு உப்பு மூட்டைக்குக் காசு கொடுப்பதா? காசிமேட்டில் கேனில் பிடித்து வந்தால் என்ன?

ஆசை புரிகிறது, ஆனால் வேண்டாம். துறைமுகத்துக்குள் இருப்பது டீசலும் மீன் கழுவிய தண்ணீரும் கலந்த நீர். வடக்கே போனாலும் நிலைமை மாறாது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் வெள்ளத்தோடு எண்ணூர் கழிமுகத்தில் எண்ணெய் பரவியது நினைவிருக்கும். அது இல்லாவிட்டாலும் வடகிழக்குப் பருவமழை நேரத்தில் ஆற்று வெள்ளம் கலந்து கரையோரத்தில் உப்பு இறங்கிவிடும், மாதத்துக்கு மாதம் ஒரு அளவு. உப்பு வாங்கி ஆர்ஓ-டிஐ தண்ணீரில், அதாவது ஆர்ஓவில் வடித்து மிச்சமிருக்கும் உப்பையும் நீக்கிய தண்ணீரில், கலப்பதுதான் சரி. குழாய்த் தண்ணீரில் நேரடியாகக் கலக்க வேண்டாம், அதில் குளோரின் உண்டு. கடல்நீரில் உப்பை எடுத்துக் குடிநீராக்க மீஞ்சூரில் 2010-இல் ஆலையே திறந்தார்கள், நாம் உப்பில்லாத தண்ணீரை வாங்கி மறுபடியும் உப்புப் போடுகிறோம். வேடிக்கைதான், வேறு வழியில்லை.

இன்னொன்று, தொட்டியில் ஆவியாகிப் போவது தண்ணீர் மட்டும்தான், உப்பு உள்ளேயே நிற்கும். தினமும் குறைவதற்கு உப்பில்லாத ஆர்ஓ-டிஐ தண்ணீரையே ஊற்றுங்கள்.

கொளத்தூர் கடைகளில் சிலர் சில்லர் (தண்ணீரைக் குளிர்விக்கும் மிஷின்) கட்டாயம் என்கிறார்கள், சிலர் ஃபேன் போதும் என்கிறார்கள். கரண்ட் பில்லை நினைத்தால் பயமாக இருக்கிறது.

நவம்பரிலிருந்து பிப்ரவரி வரை ஃபேன் போதும். மே மாதத்தில் போதாது. நீர் ஆவியாவதால்தான் ஃபேன் குளிர்விக்கிறது, நம் ஊர்க் காற்றில் ஏற்கெனவே ஈரம் நிறைந்திருப்பதால் அந்த வேலை பாதிக்கூட நடக்காது. தொட்டி 25-26 டிகிரியில் இருப்பது நல்லது. 30-ஐத் தாண்டி நாள்கணக்கில் நின்றால் பவளம் தன் உடலில் வைத்திருக்கும் பாசியை வெளியே தள்ளி வெளுத்துப்போகும். மன்னார் வளைகுடாவில் 2010, 2016 கோடைகளில் கடலிலேயே இது நடந்தது. சூடான தண்ணீரில் ஆக்சிஜனும் குறைவு, மீனும் மூச்சு வாங்கும்.

நாலடித் தொட்டிக்கு கால் அல்லது மூன்றில் ஒரு ஹெச்பி சில்லர் வேண்டும். 250 வாட் மிஷின் நாளைக்கு 12 மணி நேரம் ஓடினால் 3 யூனிட், இரண்டு மாத பில்லில் 180 யூனிட் ஏறும். ஏற்கெனவே 350, 400 ஓடும் வீடு என்றால் 500-ஐத் தாண்டிக் கட்டணமே மாறிவிடும், பட்ஜெட் போடும்போது இதையும் எழுதிக்கொள்ளுங்கள். சில்லரின் சூடு வெளியேறும் பக்கம் மூடிய கப்போர்டுக்குள் இருக்கக் கூடாது. கரண்ட் போனால் ஓட பேட்டரி ஏர் பம்ப் ஒன்று கட்டாயம். ப்ளக் பாயின்டைத் தொட்டிக்கு நேர் கீழே வைக்காதீர்கள். வொயர் வழியே வழிந்த உப்பு பின்னுக்கடியில் வெள்ளையாகப் பூத்து நிற்பதைப் பார்த்தால் காரணம் புரியும். மின்கசிவு வந்தால் உடனே கரண்டைத் துண்டிக்கும் ஆர்சிசிபி இல்லாமல் தொட்டிக்குள் கையே விடாதீர்கள்.

தண்டையார்பேட்டை வாசகி: பெரிய தொட்டி வந்தால் டோரி என்கிற நீல மீன் வாங்கித் தருவதாக மகளிடம் சொல்லிவிட்டேன். ராமேஸ்வரம் பக்கம் ஒருவர் அசல் பவளமும் அனுப்புவதாகச் சொல்கிறார். வாங்கலாமா?

பவளத்தை முதலில் சொல்லிவிடுகிறேன் அம்மா, வாங்கவே கூடாது. கல் பவளங்கள் 2001-இல் காட்டுயிர் பாதுகாப்புச் சட்டத்தின் பட்டியலில் சேர்க்கப்பட்டவை. உயிருள்ளது, காய்ந்தது எதுவானாலும் பிடிப்பதும் விற்பதும் வைத்திருப்பதும் குற்றம். மன்னார் வளைகுடா 1986-இலேயே கடல் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்ட இடம். பார்சலில் அவர் பெயர் இருக்காது, உங்கள் முகவரி இருக்கும்.

டோரி வளர்ந்தால் ஓர் அடிக்கு வரும், நாள் முழுக்க நீளமாக நீந்துகிற மீன், ஆறடிக்குக் குறைந்த தொட்டியில் வைக்க நான் சொல்ல மாட்டேன். கடையில் கட்டைவிரல் அளவில் இருக்கும்போது "இது போதும் மேடம்" என்பார்கள். மகளுக்கு நீமோவைக் காட்டிப் பேசிப் பாருங்கள். மண்டபத்தில் மத்திய கடல்மீன் ஆராய்ச்சி நிலையம் நீமோ என்று நாம் சொல்லும் கோமாளி மீனைக் குஞ்சு பொரிக்க வைத்து வளர்க்கும் முறையைக் கொண்டுவந்திருக்கிறது. பண்ணைக் குஞ்சு தீனியும் சுலபமாக எடுக்கும். வாங்கும் முன் கடைக்காரரைத் தீனி போடச் சொல்லி, சாப்பிடுகிறதா என்று நின்று பாருங்கள்.