குதிரையை ஓட்டிப் பார்க்காமல் வாங்குவார்களா?

அன்புள்ள அம்மா,

உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். பிளஸ் டூ முடிவு வந்த நாளிலிருந்து, மேலே என்ன படிப்பது என்று முடிவெடுக்க, மகனிடம் "உனக்கு என்னதான் பிடிக்கும்?" என்று தினமும் கேட்கிறீர்கள். தம்பி "தெரியவில்லை" என்கிறான். உங்களுக்குத் தூக்கம் போய்விட்டது. அவன் அலட்சியமாகப் பேசுவதாக நினைக்காதீர்கள். பதினேழு வயதில் அது நேர்மையான பதில்.

பழைய கிரேக்கத்தில் டெல்ஃபி என்ற மலையூரில் அப்போலோ கோயில் இருந்தது. 'உன்னை அறி' என்று அங்கே பொறித்திருந்தார்கள். இதைக் கேட்டதும் கண்ணை மூடி மனத்துக்குள் தேடுவதுதான் நம் நினைவுக்கு வரும். சாக்ரட்டீஸ் அதை எப்படிப் புரிந்துகொண்டார் என்பதை அவரோடு பழகிய செனபோன் எழுதி வைத்திருக்கிறார்.

யூத்திடெமஸ் என்று ஓர் இளைஞன். புகழ்பெற்றவர்களின் நூல்களையெல்லாம் வாங்கிக் குவித்திருந்தான். அதனாலேயே தன் வயதுப் பிள்ளைகளைவிடத் தான் ஒரு படி மேல் என்று எண்ணம். மருத்துவனாகப் போகிறாயா என்று சாக்ரட்டீஸ் கேட்டார். இல்லை என்றான். கட்டடக் கலையா, கணிதமா, வானியலா? அவையும் இல்லை. பேச்சு நீண்டபோது, "டெல்ஃபிக்குப் போயிருக்கிறாயா?" என்றார். இரண்டு முறை போயிருக்கிறானாம். அந்த வாசகத்தையும் பார்த்திருக்கிறான். என்னைத்தான் எனக்குத் தெரியுமே என்று அதைப் பொருட்படுத்தவில்லையாம்.

அப்போதுதான் சாக்ரட்டீஸ் குதிரை வாங்குகிறவர்களைப் பற்றிச் சொன்னார். சொன்னபடி கேட்குமா, முரண்டு பிடிக்குமா, வலுவானதா, நோஞ்சானா, வேகமா, மந்தமா என்று சோதிக்கும்வரை அந்தக் குதிரையைத் தெரியும் என்று அவர்கள் நினைப்பதில்லை. தான் எந்தக் காரியத்துக்கு உதவுவோம், தன் வலு எவ்வளவு என்று அப்படிச் சோதித்துப் பார்த்தவன்தான் தன்னை அறிந்தவன் என்றார்.

இத்தனை ஆண்டு ஆலோசனைப் பணியில் இதைவிடத் தெளிவான வழியை நான் கண்டதில்லை. கொட்டிலில் நிற்கும் குதிரையிடம் "நீ வேகமாக ஓடுவாயா?" என்று கேட்டால் அது என்ன சொல்லும்? பள்ளிக்கும் டியூஷனுக்குமே போய் வந்த பிள்ளையிடம் நாம் அதைத்தான் கேட்டுக்கொண்டிருக்கிறோம்.

உங்கள் கடிதத்தின் கடைசிப் பக்கத்தில், போகிறபோக்கில் ஒரு செய்தி எழுதியிருக்கிறீர்கள். விடுமுறையில் பெரியப்பாவின் மருந்துக் கடையில் பத்து நாள் இருந்தான். யாரும் சொல்லாமலே, மூன்று மாதத்துக்குள் காலாவதியாகும் மருந்துகளைத் தனி நோட்டில் எழுதி, அவற்றை அலமாரியின் முன்வரிசைக்குக் கொண்டுவந்தான். அம்மா, குதிரை ஓடிய இடம் அது! உடனே பி.பார்ம் சேர்த்துவிட வேண்டாம். அவனைப் பிடித்து வைத்தது மருந்தா, கணக்கா, ஒழுங்குபடுத்தும் வேலையா, வந்துபோகும் மனிதர்களா என்று பிரித்துப் பார்க்க வேண்டும். இந்த மாதம் அதே கடையில் ஒரு வாரம் வாடிக்கையாளர்களிடம் பேசும் வேலை கொடுக்கச் சொல்லுங்கள். அடுத்த வாரம் வேறோர் இடத்தில், கணக்கு எழுதும் வேலை. எதில் சலித்தான், எதில் சாப்பாட்டு நேரத்தை மறந்தான் என்று அவனே அன்றன்று எழுதட்டும்.

மாமா மகனோடு ஒப்பிட வேண்டாம் என்றும் கேட்டுக்கொள்கிறேன். செனபோன் சொல்லும் இன்னோர் இளைஞன் கிளாக்கன், இருபது வயதுகூட ஆகாமல் ஏதென்ஸின் தலைவனாகத் துடித்தான். நகரத்தின் வருமானம் எவ்வளவு, தானியம் எத்தனை நாளுக்கு வரும் என்று கேட்டே சாக்ரட்டீஸ் அவனை நிறுத்தினார். அவனுடைய தாய்மாமன் சார்மிடிஸ், திறமை இருந்தும் சபையில் பேசக் கூசியவர். அவரைச் சாக்ரட்டீஸ் பொதுவாழ்வுக்கு வரும்படி வற்புறுத்தினார். ஒரே குடும்பம், நேரெதிரான இரண்டு அறிவுரைகள்.

சாக்ரட்டீஸின் மாணவர் பிளேட்டோவின் பெயரில் வழங்கும் 'அல்சிபியாடிஸ்' உரையாடலில், கண் தன்னைப் பார்க்க வேண்டுமானால் இன்னொரு கண்ணின் மணிக்குள் பார்க்க வேண்டும் என்று வருகிறது. அந்தக் கண்மணிக்குக் கிரேக்கர் வைத்த பெயருக்குச் சிறு பெண் என்று பொருள். நாமும் கண்ணில் இருப்பதைப் பாவை என்கிறோம். தம்பியைப் பத்து நாள் பக்கத்திலிருந்து பார்த்த கண் பெரியப்பாவுடையது. "பையன் எப்படி?" என்று பொதுவாகக் கேட்காதீர்கள், எந்த வேலையைச் சொல்லாமலே செய்தான், எதைத் தள்ளிப்போட்டான் என்று கேளுங்கள்.

கடைசி நாள் நெருங்குகிறதே என்று பதறாதீர்கள். இரண்டு மூன்று படிப்புகளுக்கு விண்ணப்பம் போட்டு வையுங்கள். விண்ணப்பித்ததாலேயே சேர்ந்தாக வேண்டியதில்லை. அடுத்த முறை வரும்போது அவனையும் அழைத்து வாருங்கள். அந்தக் காலாவதி நோட்டையும் கொண்டுவரச் சொல்லுங்கள், நான் பார்க்க வேண்டும்.