4472 எண்ணும் புகை விலக்கித் தகடுகளும்

வணக்கம். ஆப்பிள் பச்சை நிறம், 4472 என்ற எண், இரட்டைப் புகைபோக்கி, இருபுறமும் புகை விலக்கித் தகடுகள் ஆகியவற்றுடன் ஃப்ளையிங் ஸ்காட்ஸ்மன் என்ற பிரிட்டிஷ் நீராவி எஞ்சினின் சிறு மாதிரி ஒன்றை வாங்கியிருப்பதாகவும், தகடுகளைக் கழற்றிவிட்டால் அது 1934-ஆம் ஆண்டு எஞ்சினாகிவிடுமா என்றும் கேட்டிருக்கிறீர்கள். ஆகாது, தயவுசெய்து கத்தியை எடுக்காதீர்கள்.

1934 நவம்பர் 30 அன்று மணிக்கு 100 மைல் வேகத்தைத் தொட்டபோது அது ஏ1 வகை எஞ்சின். மேம்பட்ட கொதிகலன் கொண்ட ஏ3 வகையாக மாறியது 1947-இல்தான். இரட்டைப் புகைபோக்கி 1950-களின் இறுதியிலும் தகடுகள் 1961-இலும் பொருத்தப்பட்டன. அப்போது அதன் எண் 60103, நிறமோ அடர்பச்சை. உங்கள் மாதிரியைச் சாய்வான வெளிச்சத்தில் பிடித்து, புகைப்பெட்டியின் மேற்பக்கத்தில், புகைபோக்கிக்குச் சற்றுப் பின்னால், பக்கத்துக்கு ஒன்றாகச் சிறு செவ்வகப் புடைப்பு தெரிகிறதா என்று பாருங்கள். ஏ3 கொதிகலனுக்கே உரிய அடையாளம் அது. அதையும் புகைபோக்கியையும் மாற்றாமல் தகட்டை மட்டும் எடுத்தால் பசை படிந்த வடுதான் மிஞ்சும்.

உண்மையில் உங்கள் மாதிரியில் பிழையே இல்லை. யார்க் நகரின் தேசிய ரயில்வே அருங்காட்சியகம் 2004-இல் அந்த எஞ்சினை வாங்கியபோது அது ஏறத்தாழ இதே கோலத்தில்தான் இருந்தது. ஆகவே மெரூன் நிற மார்க் 1 பெட்டிகளை (1950-களில் வந்த பிரிட்டிஷ் பயணிகள் பெட்டி வகை) கோத்து, சிறப்புச் சுற்றுலா ரயிலாக ஓட்டுங்கள். மிக அழகாக இருக்கும். 1930-களின் தேக்குமர நிறப் பெட்டிகளுக்கு ஒற்றைப் புகைபோக்கி கொண்ட ஏ1 மாதிரி ஒன்றைப் பிறகு தேடிக்கொள்ளலாம்.