மதுரை பெருத்ததா, இடம் பெயர்ந்ததா?

அன்புள்ள ஆசிரியருக்கு,

மதுரைக் கண்மாய்கள் பற்றிய உங்கள் கட்டுரையைப் படித்தேன். 2001இல் 9.29 லட்சமாக இருந்த மாநகராட்சியின் மக்கள்தொகை 2011இல் 14.7 லட்சம். பத்தே ஆண்டில் வெளியூர்க்காரர்கள் இவ்வளவு பேர் வந்து சேர்ந்தால் வயல் எப்படி மிஞ்சும்? ஆனையூர்ப் பக்கம் மனை வாங்கி வீடு கட்டியிருக்கிறேன். ஐப்பசி பிறந்தால் எங்கள் தெருவில் முழங்கால் அளவு தண்ணீர். கூட்டத்தை விட்டுவிட்டுக் கண்மாயை மட்டும் பேசுவது சரியா?

ஒரு வாசகர், மதுரை

அன்புள்ள நண்பருக்கு,

நீங்கள் தந்திருக்கும் இரண்டு எண்களும் சரியானவையே. ஆனால் அவை ஒரே பரப்பின் எண்கள் அல்ல. ஆனையூர், அவனியாபுரம், திருப்பரங்குன்றம் ஆகிய நகராட்சிகளும் மூன்று பேரூராட்சிகளும் 11 ஊராட்சிகளும் 2011இல் இணைக்கப்பட்டபோது, ஏறத்தாழ 52 சதுர கிலோமீட்டராக இருந்த மாநகராட்சி 148 ஆக விரிந்தது. பழைய 72 வார்டுகளை மட்டும் எண்ணினால் 2011இன் மக்கள்தொகை 10.18 லட்சம்தான். அதற்கு முந்தைய பத்தாண்டில் இன்னும் வேடிக்கை: 1991இல் 9.41 லட்சமாக இருந்தது 2001இல் 9.29 ஆகக் குறைந்திருக்கிறது. 1991 முதல் 2011 வரையிலான இருபது ஆண்டுகளில் புறநகராகக் கணக்கிடப்பட்ட பகுதியின் மக்களோ சுமார் 1.45 லட்சத்திலிருந்து 4.48 லட்சமாகப் பெருகினார்கள்.

இவர்களில் வெளியூர்க்காரர் எத்தனை பேர் என்பதை இந்த எண்களைக் கொண்டு சொல்ல முடியாது. பழைய நகரின் மாசி வீதிகளைவிட்டுப் போனவர்களும் இதில் உண்டு என்பதற்கு எங்கள் குடும்பமே சாட்சி. தெற்கு மாசி வீதியை ஒட்டிய சந்தில் இருந்த பெரியப்பாவின் முற்றம் வைத்த வீட்டைப் பங்கு பிரிக்க முடியாமல் விற்றார்கள். இன்று முற்றத்துக்கு மேல் தகரம் வேய்ந்து, தரையிலிருந்து உத்தரம்வரை ஜவுளிப் பொதிகளை அடுக்கியிருக்கிறார்கள். பெரியம்மாவின் துளசி மாடம் பில் போடும் மேசைக்குக் கால் ஆகிவிட்டது. பங்காளிகள் நான்கு பேரும் ஊருக்கு வெளியே ஆளுக்கொரு மனை வாங்கினார்கள். குடியிருந்த வீடு ஒன்று கிடங்காக மாறியதற்கு, விளைந்த வயலில் நான்கு வீடுகள் எழும்பின.

அந்த வயல் மனையான விதத்தையும் பார்க்க வேண்டும். சாலைக்காக மேடு தூக்கியதில் வரத்துக் கால்வாய் அடைபடும். கண்மாய் பாதிதான் நிறையும். மடையைத் திறந்தாலும் கடைமடைக்குத் தண்ணீர் எட்டாது. இரண்டு போகம் தரிசாகக் கிடந்த நஞ்சையைத் தரகர் தேடி வருவார், மூன்றாம் ஆண்டு கல் ஊன்றப்படும். இது தனியார் பேராசை மட்டுமல்ல. மாநகராட்சியின் தலைமை அலுவலகம் தல்லாகுளம் கண்மாய் இருந்த இடத்திலும், 2004இல் திறக்கப்பட்ட உயர் நீதிமன்றக் கிளை உலகனேரி கண்மாய்ப் பரப்பிலும் நிற்கின்றன. பெயரிலேயே ஏரி இருந்தும் அது தடையாகவில்லை. அங்கீகாரமற்ற மனைகளின் பத்திரப்பதிவுக்கு 2016இல் உயர் நீதிமன்றம் தடை விதித்தது உண்மைதான். ஆனால் 2016 அக்டோபர் 20க்கு முன் விற்கப்பட்டவற்றை வரன்முறைப்படுத்த 2017இல் விதிகள் வந்துவிட்டன. மனைக்கு வரன்முறை கிடைத்தது, அடைபட்ட வாய்க்காலுக்குக் கிடைக்கவில்லை.

2024 அக்டோபரில் ஒரே பிற்பகலில் கொட்டிய மழையில் செல்லூர்க் கண்மாய் நிறைந்து, பந்தல்குடி வாய்க்கால் வழிந்து, செல்லூர் வீடுகளுக்குள் தண்ணீர் புகுந்ததைப் பார்த்திருப்பீர்கள். நெருக்கமாகக் குடியிருக்கும் பகுதி என்பதால் சேதம் பெரிதாயிற்று என்பதை ஒப்புக்கொள்கிறேன். தண்ணீர் அங்கே வந்ததற்குக் காரணம் வாய்க்காலில் இருக்கிறது. 2021இல் எடுக்க வேண்டிய கணக்கெடுப்பு 2027க்குத் தள்ளிப்போயிருப்பதால், இன்றைய மதுரையின் மக்கள்தொகை என்று யார் எதைச் சொன்னாலும் அது மதிப்பீடுதான். அதை வைத்துக் கூட்டத்தின் மேல் பழி போட நான் தயாராக இல்லை.

உங்கள் தெருவுக்கு வருகிறேன். உங்கள் விற்பனைப் பத்திரத்தில் "மனை எண்" என்றுதான் எழுதியிருப்பார்கள், அது போதாது. அதற்கு முந்தைய தாய்ப் பத்திரத்தின் நகலை எடுத்து, சக்குபந்தி, அதாவது நிலத்தின் நான்கு எல்லைகள், எழுதியிருக்கும் பகுதியைப் படியுங்கள். "வாய்க்காலுக்கு மேற்கு" என்றோ "மடைக்குத் தெற்கு" என்றோ ஒரு வரி இருந்தால், ஐப்பசியில் உங்கள் வாசலுக்கு வரும் தண்ணீர் எந்த வழியாக வருகிறது என்பது தெரிந்துவிடும். கிடைத்தால் எனக்கும் எழுதுங்கள்.

அன்புடன்.