ஆஸ்பத்திரி ஸ்டோரேஜ் நிரம்பிவிட்டது, இப்போது எதை வாங்குவது?

மதுரையில் 120 படுக்கை உள்ள தனியார் ஆஸ்பத்திரியில் ஐடி பார்த்துக்கொள்ளும் வாசகர் ஒருவர் கேட்டிருக்கிறார்: "எக்ஸ்ரே, சிடி, எம்ஆர்ஐ படங்கள் எல்லாம் எட்டு 12 டிபி டிஸ்க் போட்ட ஒரே நாஸ் பெட்டியில் (நெட்வொர்க்கில் இணைத்த ஸ்டோரேஜ்) இருக்கின்றன. ரெய்டு 5 (பல டிஸ்க்குகளைச் சேர்த்து, ஒன்று போனாலும் தரவு தப்பும் முறை). மொத்தம் 84 டிபியில் 70 டிபி நிரம்பிவிட்டது, வருடத்துக்குச் சுமார் 12 டிபி கூடுகிறது. ஒரு வென்டர் எல்லாவற்றையும் ஃபிளாஷுக்கு (சுழலும் தட்டு இல்லாமல் சிப்பில் சேமிக்கும் எஸ்எஸ்டி) மாற்றச் சொல்கிறார், 50 டிபி வாங்கினால் 200 டிபி மாதிரி வேலை செய்யுமாம். இன்னொருவர் கிளவுடுக்குப் போகச் சொல்கிறார். டேட்டாபேஸுக்கு மட்டும் அதே நாஸில் தனி ஃபோல்டரில் பேக்கப் எடுக்கிறோம். இந்த ஆண்டு ஒரு பெட்டிக்குத்தான் நிர்வாகம் பணம் தரும். என்ன செய்யலாம்?"

பேக்கப் பற்றிய வரியைப் படித்ததும் எனக்குப் பதறிவிட்டது. இடப் பற்றாக்குறையை இன்னும் ஆறு மாதம் எப்படியாவது ஓட்டிவிடலாம், ஆனால் 70 டிபி படங்களுக்கு வேறு எங்கும் ஒரு நகல்கூட இல்லை என்பதை வைத்துக்கொண்டு ஒரு வாரம்கூட நிம்மதியாக இருக்க முடியாது. நல்ல வேளையாக, ஒரு பெட்டியை வைத்தே இரண்டையும் தீர்க்கலாம்.

ரெய்டு 5ல் ஒரு டிஸ்க் போனால் மற்ற ஏழும் சேர்ந்து தாங்கும், சரி. ஆனால் புது டிஸ்க்கைச் செருகியதும் பெட்டி என்ன செய்கிறது என்று பாருங்கள்: மிச்சமுள்ள ஏழையும் ஆரம்பத்திலிருந்து கடைசிவரை படித்து, கணக்குப் போட்டு, புதியதில் எழுதுகிறது. 12 டிபியை விநாடிக்கு 200 எம்பி வேகத்தில் மூச்சுவிடாமல் எழுதினாலே 17 மணி நேரம். பகலில் டாக்டர்கள் படம் பார்த்துக்கொண்டிருந்தால் இரண்டு மூன்று நாள்கூட ஆகும். அத்தனை நேரமும் அந்த ஏழு டிஸ்க்குகள், பெரும்பாலும் ஒரே நாளில் வாங்கி ஒரே சூட்டில் வருடக்கணக்காக ஓடியவை, உச்ச வேலையில் இருக்கும். நான் உதவிக்குப் போன ஓர் இடத்தில் சனிக்கிழமை இரவு டிஸ்க் மாற்றினார்கள், ஞாயிறு மத்தியானம் இன்னொன்று போய்விட்டது. திங்கட்கிழமை காலையில் ஒரு புற்றுநோய் நோயாளியின் கட்டி ஆறு மாதத்துக்கு முன் எந்த அளவில் இருந்தது என்று ஒப்பிட்டுப் பார்க்கப் பழைய படமே இல்லை. அந்த அம்மாவின் மகன் எங்களிடம் கேட்ட கேள்விக்கு யாரிடமும் பதில் இல்லை.

இது உங்கள் பெட்டியின் குறை என்று நினைக்காதீர்கள். ஸ்டோரேஜ் துறை முழுக்கவே இந்தச் சிக்கல்தான். 2010 வாக்கில் பெரிய டிஸ்க் என்றால் 2 டிபி, சீகேட் நிறுவனம் 2024 ஜனவரியில் லேசரால் சூடாக்கி எழுதும் ஹேமர் முறையில் 30 டிபி டிஸ்க்கை அறிவித்துவிட்டது. வேகம் மட்டும் விநாடிக்கு 140 எம்பி சுமாரிலிருந்து 270, 280க்கு வந்ததோடு நிற்கிறது. தொட்டியைப் பதினைந்து மடங்கு பெரிதாகக் கட்டிவிட்டுக் குழாயை இரண்டு மடங்கு மட்டும் அகலமாக்கினால் தண்ணீரை மாற்ற எவ்வளவு நேரம் பிடிக்கும்? நகல் எடுப்பது, திரும்பக் கொண்டுவருவது, டிஸ்க் மாற்றுவது எல்லாமே ஒவ்வொரு தலைமுறைக்கும் இன்னும் மெதுவாகிக்கொண்டே போகிறது. அதனால் கொள்ளளவைப் பார்க்கும் முன், "எல்லாம் போனால் எத்தனை மணி நேரத்தில் திரும்ப வரும்?" என்று கேளுங்கள். இரண்டு வென்டர்களிடமும் முதல் கேள்வி இதுவாகவே இருக்கட்டும்.

இவ்வளவு பெரியதை எப்படி நகல் எடுப்பது என்று விட்டுவிடுகிறவர்கள் நீங்கள் மட்டும் இல்லை. தென்கொரிய அரசு ஊழியர்கள் கோப்புகளைச் சேமித்த ஜி-டிரைவ் என்ற அமைப்பில் 858 டிபி இருந்தது. அளவு பெரிது என்பதால் அதற்கு வெளியே பேக்கப் வைக்கவில்லை. 2025 செப்டம்பர் 26 அன்று டேஜியான் நகரிலிருந்த தரவு மையத்தில் லித்தியம் பேட்டரியில் தீப்பிடித்தது, அதோடு அது முழுதும் போனது. 2022 நவம்பரில் டெல்லி எய்ம்ஸில் ரான்சம்வேர் (தரவைப் பூட்டிவிட்டுப் பணம் கேட்கும் நச்சு மென்பொருள்) தாக்கியபோது சுமார் இரண்டு வாரம் பேப்பரிலும் பேனாவிலும் வேலை நடந்தது. ஆனால் பாதிக்கப்படாத ஒரு பேக்கப் சர்வர் இருந்ததால் இ-ஹாஸ்பிடல் தரவு அதிலிருந்து மீண்டது. அவ்வளவு பெரிய ஆஸ்பத்திரியைக் காப்பாற்றியது, தாக்கியவர்கள் கைக்கு எட்டாமல் இருந்த அந்த ஒரு நகல்தான்.

இப்போது ஃபிளாஷ் வென்டர். 50 டிபி எப்படி 200 ஆகிறது? திரும்பத் திரும்ப வரும் தரவை ஒரே முறை சேமிப்பது, சுருக்குவது, இந்த இரண்டு வித்தைகளால். நூறு விர்ச்சுவல் மெஷின்கள் (ஒரே சர்வருக்குள் மென்பொருளால் உருவாக்கிய கம்ப்யூட்டர்கள்) ஓடும் இடத்தில் இது உண்மையிலேயே நன்றாக வேலை செய்யும், ஏனென்றால் நூறிலும் ஒரே விண்டோஸ் கோப்புகள் இருக்கும். உங்களிடம் இருப்பதோ ஸ்கேன் படங்கள். ஒருவருடைய நெஞ்சு எக்ஸ்ரே இன்னொருவருடையதைப் போல பைட்டுக்குப் பைட் இருக்காது, அதோடு பல பேக்ஸ் மென்பொருள்கள் (ஸ்கேன் படங்களைச் சேமித்துக் காட்டுபவை) படங்களை முன்கூட்டியே சுருக்கித்தான் வைக்கின்றன. நான்கு மடங்கு கிடைக்காது. உங்கள் படங்களில் ஒரு டிபியைக் கொடுத்துச் சோதித்துக் காட்டச் சொல்லுங்கள், அப்புறம் அந்த விகிதத்தை எழுத்தில் கேளுங்கள். 2025 கடைசியிலிருந்து ஏஐ தரவு மையங்கள் வாங்கிக் குவிப்பதால் ஃபிளாஷ் விலை ஏறியிருக்கிறது, மூன்று வருடமாக யாரும் திறக்காத படத்தை அந்த விலையில் வைப்பதில் அர்த்தம் இல்லை. ஃபிளாஷ் என்றால் பழுதே ஆகாது என்றும் நம்பிவிடாதீர்கள். எச்பிஇ விற்ற சில எஸ்எஸ்டிகள் சரியாக 32,768 மணி நேரம் ஓடியதும் செத்துவிடும் என்று 2019ல் அந்த நிறுவனமே எச்சரித்து, அவற்றுக்குள் இருக்கும் ஃபர்ம்வேர் என்ற மென்பொருளை மாற்றச் சொன்னது. ஒரே நாளில் ஓட ஆரம்பித்த டிஸ்க்குகள் ஒரே நாளில் போனால் எந்த ரெய்டும் உதவாது. டேட்டாபேஸுக்கும் கடைசி இரண்டு மூன்று மாதப் படங்களுக்கும் இரண்டு எஸ்எஸ்டியை ஜோடியாகப் போடுங்கள், அது போதும்.

கிளவுடைப் பொறுத்தவரை ஒரே கணக்கு. 70 டிபியை 100 எம்பிபிஎஸ் இணைப்பில் திரும்ப இறக்க, லைன் ஒரு நொடிகூட அறுந்துபோகாமல் இருந்தாலே 65 நாள். 1 ஜிபிபிஎஸ் இருந்தால் ஆறரை நாள். வெளியே எடுக்கும் தரவுக்குப் பெரும்பாலான நிறுவனங்கள் தனிக் கட்டணமும் போடுகின்றன. பேக்ஸ் டேட்டாபேஸையும் கடைசி ஒரு வருடப் படங்களையும் அங்கே வைக்கலாம், அழிக்க முடியாதபடி பூட்டும் வசதியைப் போட்டு, மும்பை, ஹைதராபாத், சென்னை என்று இந்தியாவுக்குள்ளேயே.

சரி, எதை வாங்குவது? எட்டு 20 டிபி டிஸ்க் போட்ட புதிய நாஸ் ஒன்று, ரெய்டு 6. இரண்டு டிஸ்க் போனாலும் தாங்கும், 120 டிபி கிடைக்கும். இரண்டு பெட்டிக்கும் 10 கிகாபிட் கார்டு போட்டுக்கொள்ளுங்கள். 1 கிகாபிட்டில் 70 டிபி நகல் ஒரு வாரத்துக்கு மேல் இழுக்கும், 10 கிகாபிட்டில் இரண்டு மூன்று நாளில் முடியும். டிஸ்க் வாங்கும்போது சிஎம்ஆர் (தடங்களைத் தனித்தனியாக எழுதும் வகை) தானா என்று மாடல் எண்ணை வைத்துச் சரிபாருங்கள். தடங்களை ஒன்றன்மேல் ஒன்று படியும்படி எழுதும் எஸ்எம்ஆர் டிஸ்க்கை ரெய்டில் மாட்டினால், போன டிஸ்க்கைப் புதியதில் மீட்டெழுதும் ரீபில்டு நாள்கணக்கில் தவழும். நகல் முடிந்ததும் புதியது பிரதானப் பெட்டி, பழையது பேக்கப் பெட்டி. பழையதில் இன்னும் 14 டிபி இடம் இருக்கிறது, உங்கள் வளர்ச்சிக்கு அது ஒரு வருடம் தாங்கும்.

நகல் முடியும்வரை பழைய பெட்டியில் வேறு எதையும் தொடாதீர்கள். ரெய்டு 5ஐ ரெய்டு 6 ஆக்குகிறேன், டிஸ்க் சேர்த்து விரிவாக்குகிறேன், ஸ்கரப் (எல்லா டிஸ்க்கையும் படித்துப் பிழை தேடும் சோதனை) ஓட்டிப் பார்க்கிறேன் என்று யார் சொன்னாலும் வேண்டாம் என்று சொல்லுங்கள், அது எல்லாமே அந்த எட்டு டிஸ்க்கையும் முழுதாக ஒரு தடவை கசக்கிப் பிழியும் வேலை. கடைசி இரண்டு வருடப் படங்களை முதலில் நகல் எடுங்கள், பழையவை அப்புறம் வரட்டும்.

பேக்கப் பெட்டியை வேறு பிளாக்குக்குக் கொண்டுபோய் வையுங்கள். ஆக்டிவ் டைரக்டரியில் (ஆஸ்பத்திரியின் எல்லாக் கணக்குகளையும் ஒரே இடத்தில் நிர்வகிக்கும் அமைப்பு) சேர்க்க வேண்டாம், பாஸ்வேர்டும் தனியாக இருக்கட்டும். ரான்சம்வேர்காரர்கள் அதன் தலைமைக் கணக்கான டொமைன் அட்மினைப் பிடித்ததும் முதலில் தேடிப்போய் அழிப்பது பேக்கப்பைத்தான். பிரதானப் பெட்டி பேக்கப் பெட்டிக்குள் எழுதக்கூடாது, பேக்கப் பெட்டிதான் வந்து இழுத்துக்கொள்ள வேண்டும். அழிக்க முடியாத ஸ்னாப்ஷாட் (அந்தந்த நேரத்தில் தரவு இருந்த நிலையை அப்படியே பிடித்து வைப்பது) வசதி இருந்தால் 30 நாளுக்குப் போட்டு வையுங்கள். படங்களோடு பேக்ஸின் டேட்டாபேஸும் செட்டிங்குகளும் தினமும் அங்கே போகட்டும். டேட்டாபேஸ் இல்லாமல் படங்கள் மட்டும் திரும்ப வந்தால் ஒவ்வொன்றையும் திறந்து, எது யாருடையது என்று இன்டெக்ஸ் புதிதாகக் கட்ட வேண்டும், 70 டிபிக்கு அதுவே நாள்கணக்கில் ஆகும்.

அடுத்த ஆண்டு பணத்துக்கு டேப், அதாவது தரவைச் சேமிக்கும் காந்த நாடா. பழைய காலத்துச் சாமான் என்று சிரிக்காதீர்கள், பெட்டியிலிருந்து வெளியே எடுத்து வைத்த டேப்பை எந்த ஹேக்கராலும் தொட முடியாது. எல்டிஓ என்ற டேப் வகையின் ஒன்பதாம் தலைமுறையான எல்டிஓ-9 கார்ட்ரிட்ஜ் ஒன்றில் சுருக்காமல் 18 டிபி பிடிக்கும், உங்கள் 70 டிபி நான்கே கார்ட்ரிட்ஜில் அடங்கிவிடும். புது கார்ட்ரிட்ஜை முதல்முறை போடும்போது டிரைவ் அதை அளந்து பழக ஒரு மணி, இரண்டு மணி நேரம்கூட எடுக்கும், பழுது என்று நினைத்து வெளியே எடுத்துவிட வேண்டாம். எல்டிஓ-10 டிரைவ் எல்டிஓ-9 கார்ட்ரிட்ஜைப் படிக்காது என்பதால் இரண்டையும் கலந்து வாங்காதீர்கள். ஈரம் படாத, ஏசி இருக்கும் வேறொரு கட்டடத்தில் வையுங்கள்.

முதல் நகல் முடிந்த அன்றே, மூன்று நான்கு வருடத்துக்கு முன் எடுத்த ஏதாவது ஒரு சிடி ஸ்கேனை பேக்கப் பெட்டியிலிருந்து தனி கம்ப்யூட்டருக்கு எடுத்து, ரேடியாலஜிஸ்ட்டைக் கூப்பிட்டு அவரையே திறந்து பார்க்கச் சொல்லுங்கள். எல்லாப் படமும் வந்ததா, எத்தனை நிமிடம் ஆனது என்று ஒரு தாளில் எழுதி அவரிடம் கையெழுத்து வாங்குங்கள். டேப்புக்குப் பணம் கேட்டு நிர்வாகத்திடம் போகும்போது அந்தத் தாளையும் கையோடு கொண்டுபோங்கள்.