ஒரே டப்பா, வீட்டில் மூன்று பேர்: ஞாபக சக்தி மாத்திரை சாப்பிடலாமா?

கேள்வி: டாக்டர், எனக்கு 42 வயது. கணக்குப் பிரிவில் வேலை. சில மாதங்களாக எதிலும் மனம் நிற்பதில்லை. படித்த மின்னஞ்சலையே திரும்பத் திரும்பப் படிக்கிறேன். எதற்காக இந்த அறைக்குள் வந்தேன் என்பதுகூட மறந்துபோகிறது. கவனமும் ஞாபக சக்தியும் கூடும் என்று சொன்னதால், மருந்துச் சீட்டு இல்லாமல் கிடைக்கும் ஒரு சப்ளிமென்ட்டை மூன்று வாரமாகச் சாப்பிடுகிறேன். முதல் வாரம் நல்ல சுறுசுறுப்பு தெரிந்தது, இப்போது அவ்வளவு இல்லை. என் அம்மாவுக்கு 70 வயது. மறதி அதிகமாகிவிட்டது என்று அதே மாத்திரையைக் கேட்கிறார். அவருக்குச் சர்க்கரை, ரத்தக் கொதிப்பு இரண்டும் உண்டு, இதயத்தில் ஸ்டென்ட் வைத்திருக்கிறது. பரீட்சைக்குப் படிக்கும் 17 வயது மகனும் கேட்கிறான். மூலிகைதானே, ஒன்றும் செய்யாது என்கிறார்கள். கொடுக்கலாமா? லேபிளின் படத்தையும் அம்மா சாப்பிடும் மாத்திரைகளின் பட்டியலையும் இணைத்திருக்கிறேன்.

பதில்: அம்மாவுக்குக் கொடுக்காதீர்கள். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், மற்றதை நிதானமாகப் பார்ப்போம்.

நீங்கள் அனுப்பிய படத்தைப் பெரிதாக்கிப் பெரிதாக்கித்தான் படிக்க முடிந்தது. முன்பக்கம் மின்னல் வெட்டும் மூளைப் படம். பின்பக்கம் பொடி எழுத்தில் விவரம்: ஜிங்கோ 120 மில்லிகிராம், வைட்டமின் பி6 50 மில்லிகிராம், பி12, பயோட்டின் என்ற இன்னொரு பி வைட்டமின் 5,000 மைக்ரோகிராம். அதற்குக் கீழே ‘சிறப்புக் கலவை 650 மில்லிகிராம்’ என்று ஒரே வரி. அதில் நீர்ப்பிரம்மி, குவாரானா, ஹூப்பர்சைன் மூன்றும் இருக்கின்றன என்கிறார்கள். எது எவ்வளவு என்று மட்டும் இல்லை. இந்தக் கடைசி வரிதான் எனக்கு உறுத்துகிறது. மருந்து என்று வந்துவிட்டால் அளவுதான் முக்கியம். அதை மறைத்துவிட்டுப் பெயரை மட்டும் சொன்னால், பலன் தரும் அளவா, தொல்லை தரும் அளவா, பெயருக்குத் தூவியதா என்று உங்களுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது.

ஜிங்கோவிலிருந்து தொடங்குகிறேன். ஞாபக சக்திக்கென்று அதிகம் சோதித்துப் பார்க்கப்பட்ட மூலிகைகளில் இதுவும் ஒன்று, அதனால் யூகிக்க வேண்டிய அவசியமே இல்லை. அமெரிக்காவில் 75 வயதும் அதற்கு மேலும் ஆன 3,069 பேரை இரண்டாகப் பிரித்தார்கள். ஒரு பாதிக்குத் தினம் இரண்டு வேளை 120 மில்லிகிராம் ஜிங்கோ, மறு பாதிக்குப் பார்க்க அதேபோல் இருக்கும் வெற்று மாத்திரை. சுமார் ஆறு ஆண்டுகள் பின்தொடர்ந்து 2008இல் முடிவை வெளியிட்டார்கள். டிமென்ஷியா என்ற மறதி நோயை ஜிங்கோ தடுக்கவில்லை. அடுத்த ஆண்டு அதே ஆட்களின் ஞாபகம், கவனம் பற்றிய கணக்கையும் தனியாகப் போட்டுப் பார்த்தார்கள், தேய்மானம் மெதுவாகவும் இல்லை. பிரான்சில் 70 வயதுக்கு மேற்பட்ட 2,800க்கும் அதிகமானவர்களை ஐந்து ஆண்டுகள் கவனித்து 2012இல் வந்த ஆய்வும் இதையேதான் சொன்னது. உங்கள் டப்பாவில் முதல் பெயராகக் கொட்டை எழுத்தில் இருப்பது இந்த ஜிங்கோதான்.

நீர்ப்பிரம்மிக்குக் கொஞ்சம் ஆதரவு இருக்கிறது. 12 வாரம் தொடர்ந்து சாப்பிட்டவர்கள், கேட்ட சொற்களைச் சற்று நேரம் கழித்து நினைவுக்குக் கொண்டுவருவதில் சிறிது முன்னேறியதாகச் சில ஆய்வுகள் உண்டு. எல்லாம் சிறு ஆய்வுகள், சில மாதங்களோடு முடிந்தவை. குமட்டலும் வயிற்றுப்போக்கும் சிலருக்கு வரும். பெயர்க் குழப்பம் வேறு: ‘பிரம்மி’ என்று சிலர் நீர்ப்பிரம்மியைச் சொல்கிறார்கள், சிலர் வல்லாரையைச் சொல்கிறார்கள். இரண்டும் வேறு வேறு செடிகள். டப்பாவில் எது போயிருக்கிறது என்பது அடைத்தவருக்குத்தான் வெளிச்சம்.

‘ஆய்வில் நிரூபிக்கப்பட்டது’ என்று உங்கள் லேபிளிலும் ஒரு வாசகம் இருக்கிறது. அதைப் பார்த்ததும் எனக்கு ஒரு ஜெல்லி மீன் ஞாபகம் வந்தது. அமெரிக்காவில் ஜெல்லி மீனில் உள்ள ஒரு புரதத்தை ஞாபக சக்தி மாத்திரையாகத் தொலைக்காட்சியில் விளம்பரம் செய்து விற்றார்கள். எந்தப் புரதத்தையும்போல அதையும் வயிறு செரித்துவிடும், மூளைக்கு எங்கே போகப்போகிறது? தயாரித்தவர்களே 218 பேரிடம் நடத்திய ஆய்வில், மொத்தமாகப் பார்த்தால் வெற்று மாத்திரைக்கும் இதற்கும் வித்தியாசம் இல்லை. உடனே ஆட்களைச் சின்னச் சின்னக் குழுவாகப் பிரித்து, சாதகமாக வந்த குழுவின் எண்ணை மட்டும் விளம்பரத்தில் போட்டார்கள். 2017இல் அரசுத் தரப்பு வழக்குப் போட்டது. ஞாபக சக்தி கூடும் என்று சொல்லி விற்கக் கூடாது என்று 2024 கடைசியில்தான் உத்தரவு வந்தது. ஏழு ஆண்டுகள்! அதுவரை எத்தனை டப்பா போயிருக்கும்?

மருந்துக்கு ஒரு சட்டம், சப்ளிமென்ட்டுக்கு வேறு சட்டம் என்பதுதான் இதற்கு அடிப்படை. அமெரிக்காவில் 1994ஆம் ஆண்டுச் சட்டப்படி, சப்ளிமென்ட்டை விற்பனைக்கு விடுவதற்கு முன் அது வேலை செய்கிறது என்று யாரிடமும் காட்ட வேண்டியதில்லை. உள்ளே இருப்பதும் லேபிளில் இருப்பதும் ஒன்றுதானா என்பது இன்னொரு தலைவலி. மூளைக்கென்று விற்கும் 10 சப்ளிமென்ட்டுகளை ஆய்வகத்தில் பிரித்துப் பார்த்த ஓர் அமெரிக்கக் குழு, அவற்றில் அங்கே அனுமதி பெறாத 5 மருந்துகளைக் கண்டது. லேபிளில் போட்டிருந்த அளவும் பெரும்பாலும் பொருந்தவில்லை. சந்தேகத்துக்கு இடமான லேபிள்களாகப் பார்த்து எடுத்த 10 அவை, அதனால் எல்லா டப்பாவும் இப்படி என்று சொல்ல மாட்டேன்.

சரி, முதல் வாரம் உங்களுக்குத் தெரிந்த அந்தச் சுறுசுறுப்பு? பொய்யில்லை. குவாரானா என்பது காஃபின் நிறைந்த ஒரு விதை. காபியில் இருக்கும் அதே காஃபின்தான், பெயர் மட்டும் காட்டு வாசனையோடு இருக்கிறது. காஃபின் சில மணி நேரத்துக்குக் கவனத்தைக் கூர்மையாக்கும், அதை யாரும் மறுக்கவில்லை. தினமும் எடுத்தால் உடல் பழகிவிடும், பலன் தேயும். உங்களுக்கு மூன்றாவது வாரம் ‘அவ்வளவு இல்லை’ என்று தோன்றியது அதனால் இருக்கலாம். காசு கொடுத்து வாங்கிய மாத்திரை வேலை செய்யும் என்ற நம்பிக்கையும் தன் பங்குக்குக் கொஞ்சம் வேலை செய்திருக்கும்.

இனி அம்மா. நீங்கள் அனுப்பிய பட்டியலில் மெட்ஃபார்மின், ஆஸ்பிரின், மெட்டோப்ரொலால் மூன்றும் இருக்கின்றன. கடைசியில் ‘தூக்கத்துக்கு, நாங்களே வாங்குவது’ என்று டைஃபென்ஹைட்ரமைன்.

ஆஸ்பிரின் ஸ்டென்ட்டுக்காக ரத்தம் உறையாமல் பார்த்துக்கொள்கிறது. ஜிங்கோவைத் தனியாகச் சாப்பிட்டவர்களுக்கு ரத்தக் கசிவு கூடியதாகப் பெரிய ஆய்வுகள் உறுதியாகக் காட்டவில்லை. ஆனால் ரத்தம் உறையாமலிருக்கும் மருந்தோடு சேர்த்துச் சாப்பிட்டுக் கசிவு வந்தவர்களைப் பற்றிய தனித்தனிப் பதிவுகள் உண்டு. பலன் இல்லாத ஒன்றுக்காக அந்த ஆபத்தை ஏன் விலைக்கு வாங்க வேண்டும்? என்னிடம் ஒருவர் வந்தார், பல் பிடுங்கிய இடத்தில் ரத்தம் நிற்கவே இல்லை. ‘வேறு மாத்திரை ஏதாவது?’ என்று மூன்று தடவை கேட்டேன். இல்லை, இல்லை, இல்லை. கூட வந்த மனைவிதான் கைப்பையிலிருந்து ஜிங்கோ டப்பாவை எடுத்து வைத்தார். ‘இது மாத்திரை இல்லையே டாக்டர், சத்துதானே’ என்றார் கணவர். அதுதான் காரணம் என்று நான் அடித்துச் சொல்ல முடியாது. ஆனால் அந்த ‘சத்துதானே’ இன்னும் காதில் கேட்கிறது.

ஹூப்பர்சைன் விஷயம் இதைவிட முக்கியம். மூளையில் அசிடைல்கோலின் என்றொரு ரசாயனம் ஞாபகத்துக்கு உதவுகிறது. அது சிதையாமல் தடுப்பது ஹூப்பர்சைனின் வேலை. அல்சைமருக்கு டாக்டர்கள் எழுதும் டோனெபெசில் செய்வதும் அதேதான். அந்த மருந்தை எழுதுமுன் நாடித் துடிப்பைப் பார்ப்போம், ஏனென்றால் இந்த வகை மருந்துகள் துடிப்பைக் குறைக்கக்கூடும். மெட்டோப்ரொலாலும் துடிப்பைக் குறைப்பதுதான். இரண்டும் சேர்ந்தால் நாடி மிகவும் இறங்கி, தலைசுற்றி விழலாம். 70 வயதில் விழுவது சின்ன விஷயம் இல்லை.

அந்தத் தூக்க மாத்திரைக்கு வருவோம். டைஃபென்ஹைட்ரமைன் பழைய அலர்ஜி மருந்து. மயக்கம் வரும் என்பதால் தூக்கத்துக்கும் விற்கிறார்கள். அது அதே அசிடைல்கோலினின் வேலையை மறிக்கிறது. வயதானவர்களுக்குக் குழப்பத்தையும் மறதியையும் உண்டாக்கும் என்பதால் தவிர்க்க வேண்டிய மருந்துகளின் பட்டியலில் அமெரிக்க முதியோர் மருத்துவ சங்கம் இதை வைத்திருக்கிறது. ஆக, இரவில் ஞாபகத்துக்குப் பூட்டுப் போட்டுவிட்டு, காலையில் அதைத் திறக்க இன்னொரு மாத்திரையைத் தேடிக்கொண்டிருக்கிறீர்கள். அம்மாவின் மறதிக்கு நான் முதலில் சந்தேகப்படுவது இதைத்தான். ஒரு மாத்திரையைச் சேர்ப்பதற்கு முன் எதை எடுக்கலாம் என்று பார்க்க வேண்டும். அதற்காக நீங்களாக எல்லாவற்றையும் நிறுத்திவிடாதீர்கள். ஆஸ்பிரின், மெட்டோப்ரொலால் பக்கமே கை வைக்கக் கூடாது. தூக்க மாத்திரையைப் பற்றி மட்டும் அவருடைய டாக்டரிடம் இந்த வாரமே பேசுங்கள்.

இரண்டாவது சந்தேகம் மெட்ஃபார்மின். சர்க்கரைக்கு நல்ல மருந்து, ஆனால் ஆண்டுக்கணக்கில் சாப்பிடும்போது சிலருக்கு உடலில் பி12 குறையும். பி12 குறைந்தால் மறதி, சோர்வு, கால் மரத்துப்போவது எல்லாம் வரும், ஈடுகட்டினால் பெரும்பாலும் சரியாகும். ‘டப்பாவிலும் பி12 இருக்கிறதே’ என்பீர்கள். பரிசோதனைக்கு முன்பே அதைச் சாப்பிட ஆரம்பித்தால் ரத்தத்தில் அளவு ஏறி, உண்மையில் குறை இருந்ததா என்பதே தெரியாமல் போகும். பயோட்டின் இன்னும் குறும்பு செய்யும். சில ஆய்வக முறைகளில், அளவு கூடிய பயோட்டின் தைராய்டு முடிவுகளையே தலைகீழாகக் காட்டிவிடும். மாரடைப்பைக் கண்டுபிடிக்கும் ட்ரோபோனின் பரிசோதனையைக்கூடப் பொய்யாகக் குறைத்துக் காட்டலாம் என்று அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை 2017இல் எச்சரித்தது. ஸ்டென்ட் வைத்தவருக்கு இது விளையாட்டு இல்லை. பி6 50 மில்லிகிராமும் அதிகம்தான். ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு அமைப்பு 2023இல் பெரியவர்களுக்கு நாளுக்கு 12 மில்லிகிராம் என்று உச்சவரம்பு வைத்தது. நெடுநாள் மீறினால் கால் விரல்கள் மரத்துப்போகலாம், அம்மாவுக்கு அப்படி ஆனால் எல்லோரும் சர்க்கரையின் மேல் பழியைப் போட்டுவிடுவார்கள்.

நியாயமாக இன்னொன்றும் சொல்ல வேண்டும். 60 வயதைத் தாண்டியவர்கள் சாதாரண மல்டிவைட்டமின் சாப்பிட்டதில் ஞாபகம் சற்று மேம்பட்டதாக 2022 முதல் சில ஆய்வுகள் வந்தன. ஆனால் 65 வயதைத் தாண்டிய சுமார் 6,000 ஆண் மருத்துவர்களிடம் 12 ஆண்டுகள் நடந்த ஆய்வு, பலன் இல்லை என்று 2013இல் சொல்லியிருந்தது. அறிவாற்றல் குறையாமலிருக்க பி, இ வைட்டமின்களையோ ஒமேகா வகைக் கொழுப்புகளையோ பலசத்துக் கலவைகளையோ பரிந்துரைக்க வேண்டாம் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் 2019 வழிகாட்டுதல். நானும் யாருக்கும் எழுதுவதில்லை. குறை இருப்பது பரிசோதனையில் தெரிந்தால் அது வேறு கதை.

மகனுக்கும் வேண்டாம். எவ்வளவு காஃபின் என்றே தெரியாத மாத்திரையைச் சாயங்காலம் போட்டுக்கொண்டால் பாதி காஃபின் வெளியேறவே சுமார் ஐந்து மணி நேரம் ஆகும். தூக்கம் போகும். படித்தது மனதில் படிவது தூக்கத்தில்தான். அவன் வயதுக்கு 8 முதல் 10 மணி நேரம் வேண்டும். 2006இல் வந்த ஓர் ஆய்வை அவனிடம் சொல்லுங்கள். ஒரு பாடத்தை நான்கு தடவை படித்தவர்களுக்கு ஒரு வாரம் கழித்து 40 சதவீதம்தான் நினைவிருந்தது. ஒரு தடவை படித்துவிட்டு மூன்று தடவை பார்க்காமல் எழுதிப் பார்த்தவர்களுக்கு 60 சதவீதம். எந்த டப்பாவும் இவ்வளவு தந்ததாக நான் படித்ததில்லை.

கடைசியாக நீங்கள். அறைக்குள் வந்த காரணம் மறப்பது பெரும்பாலும் ஞாபகக் கோளாறு இல்லை. வரும்போதே மனம் வேறெங்கோ இருந்தது, பதியவே இல்லை. பதியாததை எந்த மாத்திரை எடுத்துத் தரும்? எத்தனை மணி நேரம் தூங்குகிறீர்கள் என்று கடிதத்தில் எழுதவில்லை, அதுதான் என் முதல் கேள்வி. குறட்டை உண்டா, மாதவிலக்கில் ரத்தப்போக்கு அதிகமா, மனம் சோர்ந்திருக்கிறதா என்பது அடுத்தது. ஹீமோகுளோபின், ஃபெரிட்டின் (உடலில் இரும்புச் சத்தின் இருப்பு), தைராய்டு, பி12 பார்த்துவிடுங்கள். உங்கள் வயதில் ஹார்மோன் மாற்றம் தொடங்கினாலும் இப்படி மந்தமாக இருக்கும். பயோட்டின் சாப்பிட்டீர்கள் என்பதை ஆய்வகத்தில் முன்கூட்டியே சொல்லுங்கள், எத்தனை நாள் இடைவெளி வேண்டும் என்று அவர்கள் சொல்வார்கள்.

அம்மாவை அழைத்துப் போகும்போது வீட்டிலிருக்கும் எல்லா மாத்திரையையும், சத்து மாத்திரை உட்பட, ஒரே பையில் போட்டு எடுத்துப் போங்கள். அவருக்கு ஒரே நாளில் பேச்சு குழறினாலோ, இடம் ஆள் தெரியாமல் திடீரென்று குழம்பினாலோ, அப்பாயின்ட்மென்ட்டுக்குக் காத்திருக்காமல் உடனே அவசர சிகிச்சைக்குக் கொண்டுபோங்கள்.

நீங்கள் டப்பாவை இன்றே நிறுத்தலாம். நிறுத்திய மறுநாளோ அதற்கடுத்த நாளோ தலைவலியும் எரிச்சலும் வந்தால் பயப்படாதீர்கள். காஃபினை விட்டால் அப்படித்தான் இருக்கும், ஒரு வாரத்துக்குள் பெரும்பாலும் போய்விடும். தலைவலி பலமாக இருந்தால், லேபிளில் எழுதாமல் விட்ட அந்தக் குவாரானா அளவைப் பற்றி ஒரு துப்பு கிடைத்தது என்று வைத்துக்கொள்ளுங்கள்.